எத்தனை மணி நேரம்? எத்தனை பேர்?

"இவ்வாண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று எங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் சிஸ்டர் கேட்டார்கள். "வீட்டில் வைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டிக்கு எந்த விளையாட்டை வாங்கலாம் என்பதைப் பற்றி" என்றேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. மரம் வளர்ப்பு, நேரந்தவறாமை, நூலகத்தின் பயன் என்று எத்தனையோ நல்ல தலைப்புகள் இருக்க, இவளுக்கு ஏன் இந்தப் புத்தி என்று தோழியர் நினைத்திருக்கலாம். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "காசு கொடுத்து வாங்குகிற பொருள்தானே? யோசித்துத்தான் வாங்க வேண்டும். எழுது" என்றார்கள். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. அந்தப் பட்டிமன்றத்தை நாம் பலமுறை கேட்டாகிவிட்டது. இரு அணியினரும் தொண்டை வறளப் பேசியபின், "அளவோடு இருந்தால் நல்லது" என்று நடுவர் முடித்து வைப்பார். என் கேள்வி அதற்கு அடுத்தது. பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு விளையாட்டு வாங்கத்தான் வசதி. எதை வாங்குவது? அதை யார் தீர்மானிப்பது?

எங்கள் அப்பா ஜீப் ஓட்டுகிறார்கள். விடியுமுன் போடியிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். அம்மா ஊரிலேயே ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறார்கள். காலை முதல் மாலை வரை குனிந்தபடியே சுளகில் காயைப் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பிரிக்க வேண்டும். அண்ணன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது கல்லூரி மாணவன். தம்பி மூன்றாம் வகுப்பு. இவர்களோடு அப்பத்தாவும் நானும் சேர்ந்து ஆறு பேர்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது, தம் பிள்ளைகள் விளையாடிச் சலித்துப்போன ‘நின்டெண்டோ ஸ்விட்ச்’ பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட பெட்டி இது. கையில் வைத்தும் விளையாடலாம். தொலைக்காட்சியோடு இணைத்தும் விளையாடலாம். இருபுறமும் உள்ள கைப்பிடிகளைக் கழற்றினால் அவை இரண்டும் தனித்தனிக் கருவிகளாகிவிடும். ஆகவே ஒரு பெட்டி இருந்தாலே இருவர் சேர்ந்து விளையாட வழியுண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெட்டிக்குள் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் அட்டை ஒன்றும் இருந்தது. தபால்தலையை விடச் சற்றுப் பெரிய கறுப்பு அட்டை. தம்பி அதை எடுத்து வாயில் வைத்துவிட்டு, "அய்யோ, கசக்குது!" என்று அலறினான். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த அட்டையின் மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்னும் கடுங்கசப்புப் பொருளைப் பூசுகிறார்களாம். வேதியியல் பாடம் வீட்டுக்கே வந்த நாள் அது.

அடுத்த தீபாவளிக்கு, அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்திலிருந்து 4,000 ரூபாய் கொடுத்து, "பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வாங்கிக்கங்க" என்றார்கள். அது அம்மாவின் பத்து நாள் கூலி. அண்ணனும் அப்பாவும் மதுரைக்குப் போனார்கள். எது வேண்டும் என்று என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. "விளையாட்டு அண்ணனுக்கு, படிப்பு உனக்கு" என்பது போல ஓர் எழுதாச் சட்டம் எங்கள் வீட்டில் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

மாலையில் பளபளக்கும் பெட்டியோடு வந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயர். அட்டைப்படத்தில் ஒரு வீரன் வாளை ஓங்கி நின்றான். ஆவலோடு திறந்தால், உள்ளே விளையாட்டு அட்டை இல்லை! எண்ணும் எழுத்தும் அச்சிட்ட ஒரு தாள் துண்டுதான் இருந்தது. அந்தக் குறியீட்டைப் பதிந்து, இணையத்திலிருந்து விளையாட்டை நாமே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டுமாம். பெட்டியின் முன்புறத்தில் கீழ் மூலையில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். கடையில் யாரும் அதைப் படிக்கவில்லை.

விளையாட்டின் அளவு 28 ஜி.பி. அப்பாவின் கைப்பேசியில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 1.5 ஜி.பி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 19 நாட்கள்! அதுவும் அப்பா மலையிலிருந்து இறங்கிய பிறகு இரவில்தான் முடியும். எங்கள் பெட்டியின் சொந்த நினைவகமோ 32 ஜி.பி.; அதிலும் ஒரு பகுதி பெட்டியின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். ஆகவே தனியாக ஒரு நினைவக அட்டை வாங்க மேலும் 700 ரூபாய். எல்லாம் முடிந்து விளையாடத் தொடங்கியபோது, அது ஒருவர் மட்டுமே விளையாடக் கூடியது என்று தெரிந்தது. அண்ணன் நான்கு நாள் விளையாடினான். பிறகு கடினமாக இருக்கிறது என்று விட்டுவிட்டான். விற்கலாம் என்றால் விற்க எதுவுமில்லை. தோழிக்கு இரவல் கொடுக்கலாம் என்றால் கொடுக்கவும் எதுவுமில்லை. குறியீட்டைப் பதிந்துவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள்தான். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலச் சுளகை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள். திட்டியிருந்தால் கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய பெயரை நம்பி ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1982ஆம் ஆண்டில் ‘ஈ.டி.’ என்ற ஆங்கிலத் திரைப்படம் உலகெங்கும் புகழ் பெற்றது. அதே பெயரில் அட்டாரி நிறுவனம் வீட்டு விளையாட்டுப் பெட்டிக்காக ஒரு விளையாட்டை வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்பதால், அதை உருவாக்கக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் மட்டுமே. படத்தின் பெயரைப் பார்த்து வாங்கிய குழந்தைகள் ஏமாந்தார்கள். விற்காமல் தங்கிய சரக்கின் ஒரு பகுதியை 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014ஆம் ஆண்டில் அந்த இடத்தைத் தோண்டியபோது ‘ஈ.டி.’ அட்டைகள் மண்ணோடு மண்ணாக வெளியே வந்தன. பெயருக்காக வாங்கிய பொருள் கடைசியில் எங்கே போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இவ்வாண்டு மீண்டும் அந்த நாள் வந்தது. கையில் ஏறக்குறைய 5,000 ரூபாய். சித்தப்பா தம் கணக்கிலிருந்து வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கணக்கு அமெரிக்கக் கடையில் இருப்பதால் விலையெல்லாம் டாலரில். இந்த முறை நான் வாயைத் திறந்தேன். "இதுவும் அம்மா காசுதானே? எல்லாரையும் கேட்டுவிட்டு வாங்குவோம்" என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நீ பத்தாவது. உனக்கு எதுக்கு?" என்றார்கள். "எனக்கு வேண்டாம் அப்பா, வீட்டுக்கு வேண்டும்" என்றேன். சரி, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று முடிவாயிற்று.

அண்ணன் கணக்கோடு வந்தான். அவன் விரும்பிய விளையாட்டின் விலை 60 டாலர். முடிக்க 100 மணி நேரம் ஆகும் என்றான். "5,000 ரூபாயை 100 மணியால் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். சினிமாவை விட மலிவு!" என்றான். விளையாட்டுகளைப் பற்றி எழுதுவோரில் பலர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் அதில் ஒரு பிழை இருக்கிறது என்று என் மனத்துக்குப் பட்டது. அது என்னவென்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொன்னவர்கள் அம்மா. "காய் பெரிசா இருந்தா மட்டும் பத்தாதுப்பா. கனம் வேணும்" என்றார்கள்.

ஏலக்காய் ஊரில் பிறந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்காகச் சொல்கிறேன். காயைச் சல்லடையில் சலித்து, 8 மில்லி மீட்டர், 7 மில்லி மீட்டர் என்று பருமனை வைத்துப் பிரிப்பார்கள். ஆனால் வியாபாரி அதோடு நிறுத்துவதில்லை. ஒரு லிட்டர் அளவுள்ள பாத்திரத்தில் காயை நிரப்பி, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார். தோல் பெருத்து, உள்ளே விதை சூம்பிப்போயிருந்தால் எடை நிற்காது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் நம் போடியில் மின்னணு ஏலம் நடக்கிறது. கணிப்பொறியில் விலை கேட்டாலும், மாதிரிக் காயைக் கையில் வாங்கி, பிளந்து, விதையைப் பார்த்த பிறகே கேட்கிறார்கள். லட்சக் கணக்கில் வாங்குகிறவர்களே மாதிரி பார்க்கும்போது, 5,000 ரூபாய்க்கு வாங்கும் நாம் மட்டும் அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கலாமா?

அண்ணனின் 100 மணி நேரம் என்பது காயின் பருமன். அந்த 100 மணியில் எத்தனை மணி, போன வழியிலேயே திரும்பத் திரும்ப நடப்பது? எத்தனை மணி, ஒரே மாதிரிப் பகைவனை நூறாவது முறை வெட்டுவது? மேலும், மணியால் வகுத்தால் போதுமா? ஆளாலும் வகுக்க வேண்டாமா? ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவன் விளையாட, ஐந்து பேர் தொலைக்காட்சியையும் இழந்து உட்கார்ந்திருந்தால், அந்த 100 மணி நேரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? நேரத்தால் அளக்கவே முடியாத நல்ல விளையாட்டுகளும் உண்டு. 1984ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் என்பவர் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தில் கதையில்லை, வீரனில்லை, விழும் கட்டைகளை அடுக்குவது மட்டுமே உண்டு. ஐந்து நிமிடமும் ஆடலாம், ஐம்பது ஆண்டும் ஆடலாம். அதற்கு அண்ணன் எந்த எண்ணால் வகுப்பான்?

நான் கேட்டது இரண்டு விளையாட்டுகள். ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்’. பல நாடுகளின் பலகை ஆட்டம், சீட்டாட்டம், கைவிளையாட்டு என்று 51 ஆட்டங்கள் ஒரே அட்டையில். அதன் விலை 40 டாலர். மற்றொன்று 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த ‘வெண்பா’. அதன் விலை 15 டாலர். இரண்டும் சேர்த்து 55. அண்ணன் கேட்ட ஒன்று மட்டும் 60. அப்பா ஒரு நிமிடம் யோசித்தார்கள். "கழுத, கணக்கு சரியாத்தான் போடுது" என்றார்கள். அண்ணன் முகம் வாடிவிட்டது. அதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன்.

சித்தப்பா அனுப்பிய அட்டை வந்து சேர்ந்தது. இம்முறை முதலில் அட்டை உள்ளே இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்! 51 ஆட்டங்களில் முதலாவது ‘மன்கலா’. குழிகளில் காய்களைப் பரப்பி ஆடும் ஆட்டம். திரையைப் பார்த்ததும் அப்பத்தா, "இது நம்ம பல்லாங்குழியில்ல!" என்று அருகில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பெட்டியைக் கையில் வைத்து, திரையை விரலால் தொட்டே ஆடலாம் என்பதால் அப்பத்தாவுக்குச் சிரமமில்லை. ஆனால் சண்டை வந்தது. "ஏத்தா, ஒரு குழி குறையுதே! பக்கத்துக்கு ஏழுல்ல இருக்கணும்? இங்க ஆறுதான் இருக்கு. நாலு சேந்தா பசுன்னு எடுக்கணுமே, பசு எங்க?" என்று கேட்டார்கள். இது வேறு நாட்டு முறை அப்பத்தா என்றால் கேட்டால்தானே! "அப்ப நம்ம முறையை எடுத்துட்டு வா" என்றார்கள். பரணில் எட்டு ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த பல்லாங்குழிப் பலகை அன்று கீழே இறங்கியது. தம்பி புளியமுத்துகளை எண்ணிப் போட்டான்.

"பலகை பரணிலேயே இருக்கும்போது 40 டாலர் எதற்குக் கொடுத்தோம்?" என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எட்டு ஆண்டுகளாக அதை யாரும் இறக்கவில்லையே! அந்தப் பெட்டி நினைவூட்டியது, நாங்கள் இறக்கினோம். அதோடு, அதில் மற்ற 50 ஆட்டங்களும் இருக்கின்றன. மூன்று நாய்கள் சேர்ந்து ஒரு முயலை மடக்கும் ஆட்டத்தைப் பார்த்தால் நம் ஆடு புலி ஆட்டத்தின் தங்கை போல இருக்கிறது. கேரம் கூட இருக்கிறது. அப்பா இளம் வயதில் தெரு மன்றத்தில் கேரம் ஆடிப் பரிசு வாங்கியவர்கள். எந்த விளையாட்டையும் தொடாத அப்பா அன்று கைப்பிடியைக் கையில் எடுத்தார்கள். "விரல்ல சுண்டுற சுகம் இதுல வருமா?" என்று குறை சொல்லிக்கொண்டே ஒன்பதரை மணி வரை ஆடினார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியவர்கள் என்பதை அம்மாதான் நினைவூட்ட வேண்டியிருந்தது. இந்தப் பெட்டியைச் செய்யும் நிறுவனமே 1889ஆம் ஆண்டில் கியோத்தோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது என்று நான் சொன்னபோது, "அப்ப தொழில் தெரிஞ்சவங்கதான்" என்றார்கள்.

இனி ‘வெண்பா’. கனடாவின் டொரான்டோ நகரத்தில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு இதை உருவாக்கியது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறும் வெண்பா, பாவலன் என்ற கணவன் மனைவியும் அவர்கள் மகன் கவினும்தான் கதை மாந்தர். சண்டையில்லை, ஓட்டமில்லை, சமையல்தான். வெண்பாவின் தாயார் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்தும் கிழிந்தும் இருக்கும். விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசும் இதற்குக் கிடைத்தது.

முதல் புதிர் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் தடுமாறினான், நானும் தடுமாறினேன். அடுப்படியில் நின்ற அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, "தட்டை மாத்தி வைங்க, ஆவி எப்படி வரும்?" என்றார்கள். சரியாக இருந்தது! அதன் பிறகு அம்மா எழுந்து போகவில்லை. நான் வசனங்களை வாசிக்க வாசிக்க, அம்மா சொல்லச் சொல்லச் சமைத்தோம். பெட்டி வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளில் அம்மா அதன் முன் உட்கார்ந்தது அன்றுதான். வெளிநாட்டில் வளரும் மகன் தாயிடம் தமிழில் பேசக் கூச்சப்படும் இடம் வந்தபோது, அம்மா மெதுவாக, "உங்க சித்தப்பா பிள்ளைகளும் இப்படித்தான். போன்ல ‘ஹலோ பெரியம்மா’ன்னு சொல்லிட்டு ஓடிடுதுங்க" என்றார்கள். மறுநாள் அம்மாவே சித்தப்பா வீட்டுக்குப் பேசி, அந்தப் பிள்ளைகளிடம், "அந்த இட்லி விளையாட்டை நீங்களும் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். அன்று அவர்கள் ஓடவில்லை. பத்து நிமிடம் பேசினார்கள்.

‘வெண்பா’ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அண்ணனின் கணக்குப்படி மணிக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல்! அவன் கேட்டதை விடப் பன்னிரண்டு மடங்கு விலை அதிகம். அந்தக் கணக்கில் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். லிட்டர் பாத்திரத்தில் போட்டு நிறுத்தால் தோற்கவில்லை.

தோழியரே, என் அனுபவத்திலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, பெட்டிக்குள் அட்டை இருக்கிறதா, தாள் துண்டு இருக்கிறதா என்று பொடி எழுத்தையும் படியுங்கள். அட்டை இருந்தால் இரவல் கொடுக்கலாம், விற்கலாம். ‘வெண்பா’ டவுன்லோடு செய்து வாங்கியதுதான். அதை யாருக்கும் இரவல் தர முடியவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் அதன் விலை சிறியது, அளவும் சிறியது, தெரிந்தே வாங்கினோம். தெரிந்து வாங்குவது வேறு, ஏமாந்து வாங்குவது வேறு. டவுன்லோடு என்றால் அது எத்தனை ஜி.பி. என்று முன்கூட்டியே பாருங்கள்.

இரண்டாவது, வயது எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் 1994 முதலும், ஐரோப்பாவில் 2003 முதலும் விளையாட்டுப் பெட்டிகளின் மேல் எந்த வயதினருக்கு உரியது என்று அச்சிடுகிறார்கள். ஐரோப்பிய முறையில் அது 3, 7, 12, 16, 18 என்ற எண்களாக இருக்கும். வீட்டில் ஒரு தம்பி இருந்தால் அந்த எண் அவனுக்கும் சேர்த்துத்தான். 2018 முதல், விளையாட்டுக்குள்ளேயே மேலும் பணம் கேட்கும் என்றால் அதையும் குறிப்பிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளை, அதே ஆண்டில் பெல்ஜியம் நாடு சூதாட்டம் என்றே கூறித் தடுத்தது. ‘இலவசம்’ என்று தொடங்கும் விளையாட்டுகளில்தான் இதை அதிகம் காணலாம். வாங்கும்போது ஒரு விலை, வாங்கிய பின் தினம் ஒரு விலை என்பது நம் போன்ற வீடுகளுக்கு ஆகாது.

மூன்றாவது, மாதிரி பாருங்கள். சில விளையாட்டுகளுக்கு முதல் பகுதியை இலவசமாக ஆடிப் பார்க்கும் வசதி உண்டு. இல்லையேல் பிறர் ஆடுவதைப் படமாகப் பத்து நிமிடம் பார்த்தாலே விதை கறுப்பா சூம்பலா என்று தெரிந்துவிடும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். யாருக்கு வாங்குகிறோம் என்று கேளுங்கள். கைப்பிடிகள் இரண்டு என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? ஒன்று அண்ணன் கையில் என்றால், மற்றொன்று யார் கையில்? புதியவருக்கும் இடம் தரும் விளையாட்டா என்று பாருங்கள். ‘மரியோ கார்ட்’ ஆட்டத்தில் சிறு குழந்தையின் வண்டி தடத்தை விட்டு விலகாமல் காக்கும் வசதி இருக்கிறது. அதனால்தான் தம்பியும் எங்களோடு ஓட்டுகிறான். நம்மில் பலர், ‘எனக்கு விளையாட வராது’ என்று ஒதுங்கிவிடுகிறோம். நமக்கு வராது என்பது உண்மையா, அல்லது நமக்கென்று யாரும் வாங்கவில்லை என்பது உண்மையா? சும்மா இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்வதை விட, வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கேட்பதால் யாரும் கெட்டுப்போகமாட்டார்கள்.

அண்ணனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜூலை மாதத்தில் அவன் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டான். தெரியாத ஊரில் தனியாக இருப்பவனுக்கு, தனியாக ஆடும் நீண்ட கதை ஒரு துணையாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பேருந்து ஏறும்போது, "அந்த நூறு மணி நேர விளையாட்டு இருந்தா இப்ப எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்தாலும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு எது தகுந்தது என்று நான் கணக்குப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போகிறவனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஆகவே அடுத்த ஆண்டு அவன் முறை. என் பொதுத்தேர்வும் அதற்குள் முடிந்திருக்கும். அவன் எந்த விளையாட்டைக் கேட்டாலும் அம்மாவிடம் நானே பரிந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது ஒருவர் ஆடுவதாக இருந்தாலும் சரி. பெட்டியை அவனே விடுதிக்கு எடுத்துப்போகட்டும். எங்களிடம் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறேன்: காசு கொடுப்பதற்கு முன், பெட்டியின் கீழ் மூலையில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டு வா!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி